கடைசி ஆறு வசனங்கள்

வேதப் புத்தகத்தைத் திறந்ததும் வேப்பிலை மணம் வந்தது. மிஸ்ஸி, நீர் வைத்த இலைகள். பூச்சி அரிக்கக்கூடாது என்று ஐம்பது பக்கத்துக்கு ஒன்றாகச் செருகி வைத்தீர். எல்லாம் காய்ந்து, தொட்டால் நொறுங்குகின்றன. பத்து மாதமாக இந்தப் புத்தகம் அலுமாரியில் போர்வைகளுக்கு அடியில் கிடந்தது. கண்ணில் படக்கூடாது என்று நான்தான் தள்ளி வைத்தேன். இன்று விடிய மூப்பர் வந்திராவிட்டால் இன்னமும் அங்கேதான் கிடந்திருக்கும்.

மூப்பரின் மூத்த மகனைக் கடல் கொண்டுபோய் இன்றைக்கு முப்பத்தொரு நாள். நீர் போன பிறகு நடந்தது, அதனால் சொல்கிறேன். வலை இழுக்கப் போனவன். படகு தீவுக்கு மேற்கே கவிழ்ந்து கிடந்தது, அவன் கிடைக்கவில்லை. முப்பத்திரண்டு வயது. இரண்டு பிள்ளைகள், இரண்டையும் நீர்தான் தராசில் போட்டு நிறுத்தீர். உடல் இல்லாதபடியால் சேமக்காலையில் குழியும் இல்லை, சிலுவையும் இல்லை. வீட்டில் செபம் மட்டும் நடக்கிறது. முப்பத்தோராம் நாள் செபத்துக்கு ஊர்காவற்றுறையில் இருந்து பாதர் வருவதாக இருந்தது. மூன்று நாளாகக் காற்று அடிக்கிறது, எங்கள் எழுவைதீவுக்கு வள்ளம் ஓடவில்லை.

பாதர் இல்லாத நாட்களில் கோயிலில் செபம் நடத்துகிற மூப்பர், தன் வீட்டுச் செபத்துக்கு ஆள் தேடி என் வாசலில் வந்து நின்றார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"ரீச்சர், பின்னேரம் வந்து வேதம் வாசிக்க வேணும்."

"எனக்குத் தொண்டை சரியில்லை, மூப்பர்."

"உங்கட தொண்டைக்கு ஒண்டுமில்லை. பள்ளிக்கூடத்தில நீங்கள் கத்துறது எங்கட வளவுக்குக் கேக்குது."

நீர் என்றால் இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர். அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"முப்பது வருசமா ஒவ்வொரு செத்தவீட்டிலயும் நானே சொன்னனான், ரீச்சர். ஆண்டவர் தனக்கு விருப்பமானவையைத்தான் கெதியாக் கூப்பிடுவார் எண்டு. இப்ப சனம் அதையே எனக்குத் திருப்பிச் சொல்லுது. காது குடுத்துக் கேக்கேலாமல் கிடக்கு. நீங்களும் மிஸ்ஸியும் வேதத்தை முழுக்கக் கிண்டினனீங்கள். கத்திக் கத்திக் கூப்பிட்டும் பதில் வராமலே முடியிற ஒரு இடம் அதில இருக்கோ? இருந்தால் வந்து அதை வாசியுங்கோ. இல்லையெண்டால் பறவாயில்லை, செபமாலையோட முடிப்பம்."

பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் போய்விட்டார்.

எந்தப் பக்கம் என்று உமக்குத் தெரியும். அந்தப் பக்கத்தின் கடைசி ஆறு வசனங்களை நான் உமக்கு வாசிக்காமல் விட்டேன். நீர் வாய் திறந்து கேட்டும் விட்டேன். இப்போது மத்தியானம். செபம் ஐந்து மணிக்கு. உமக்கு வாசிக்க ஏலாமல் போனதை இன்னொருவருக்கு வாசிக்க எனக்கு ஏலுமா என்று தெரியவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்துக்குப் போகப் பயந்து, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் சண்டையில் தொடங்கியவர்கள். நீர் இந்தத் தீவுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவமாதாக வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. ஊர் உம்மை மிஸ்ஸி என்று கூப்பிடப் பழகியிருந்தது, நான் பழகவில்லை. தவசுகாலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் கோயிலில் நான் வேதம் வாசித்தேன். ஆபிரகாமின் வீட்டில் இருந்து துரத்தப்பட்ட ஆகார் பிள்ளையோடு வனாந்தரத்தில் அலைகிற பகுதி. என் குரலில் எனக்கு அப்போது பெரிய கர்வம். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வாங்கில் இருப்பவர்வரை கேட்கும். வாசித்து முடித்து வெளியே வந்தால், வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நீர்.

"ரீச்சர், நீர் இண்டைக்கு ஒரு வரியை விட்டிட்டீர்."

"ஒரு வரிதானே."

"அந்த வரியிலதான் அந்த மனிசி அழுதவ. பிள்ளையைப் பத்தைக்குக் கீழ கிடத்திப்போட்டு, அது சாகிறதைப் பாக்கேலாமல் தள்ளிப்போய் இருந்து அழுதவ. அதை விட்டால் பேந்து வானத்தில இருந்து சம்மனசு வந்தென்ன, வராட்டில் என்ன?"

இத்தனை பேர் போய் வருகிற வாசலில். நேற்று வந்தவர் எனக்கு வேதம் படிப்பிக்கிறாரோ என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டு கிழமை உம்மோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் கிழமை வீட்டில் தனிய இருந்து அந்தப் பகுதியைத் திரும்ப வாசித்துப் பார்த்தேன். நீர் சொன்னது சரி. அவசரத்தில் கண் தாவிவிட்டது என்று உமக்கும் எனக்கும் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. அந்த இடம் வாசிக்க ஒருமாதிரி இருந்தது, அதனால் கண் தானாகவே தாண்டியது. அந்தப் பழக்கம் எனக்கு அன்றைக்கே இருந்திருக்கிறது. அதை நான் அப்போதே பிடித்திருந்தால் இன்றைக்கு இப்படி எழுத வேண்டி வந்திராது.

சனிக்கிழமை பின்னேரங்கள் அப்படித்தான் தொடங்கின. கிளினிக்குக்குப் பக்கத்தில் உமக்குத் தந்த அந்த இரண்டு அறை வீடு. தேத்தண்ணியும் பனங்கட்டியும். ஞாயிற்றுக்கிழமை வாசிக்கவேண்டிய பகுதியை ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர் இன்னொரு புத்தகத்தில் கண் வைத்திருப்போம். ஒரு சொல் வழுகினால் பென்சிலால் மேசையில் ஒரு தட்டு. தட்டினால் அந்த வசனத்தை முதலில் இருந்து வாசிக்கவேண்டும். முதல் மாதம் நீர் தட்டிய தட்டில் எனக்கு அந்தப் பென்சிலைப் பிடுங்கி முறிக்கலாம் போல இருக்கும். இருபது வருடம் பிள்ளைகளின் கணக்குக் கொப்பியில் சிவப்புக் கோடு போட்டவளுக்கு, தன் வாசிப்பில் கோடு விழுவதைத் தாங்க முடியவில்லை.

உமக்கென்று ஒரு கொப்பி இருந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், அவர் ஏன் அங்கே நின்றார் என்று எழுதுவீர். பக்கத்தின் அடியில் ஒரு கோடு கீறி, அதற்குக் கீழே விளங்காதவை. அந்தப் பகுதிதான் எப்போதும் நீளம். பாதர் ஞாயிற்றுக்கிழமை வள்ளத்தால் இறங்கினால், கொப்பியோடு துறைமுகப்பில் நிற்பீர். பிறகு பிறகு பாதர் வள்ளத்தில் இருந்தபடியே தலையை நீட்டி, மிஸ்ஸி நிற்கிறாவோ என்று பார்ப்பாராம். வள்ளக்காரர் சொல்லிச் சிரிப்பார்கள். ஒருமுறை பாதர் உமக்குக் கைகூப்பினார்.

"பிள்ளை, இதுக்கு எனக்கும் விடை தெரியாது."

"தெரியாதெண்டு சொன்னதே பெரிய காரியம், பாதர். அதையும் எழுதுறன்."

எழுதினீர். நான் பார்த்தேன்.

எனக்கு எல்லாவற்றையும் கெதியாக முடித்து நல்ல செய்திக்கு வரவேண்டும். செங்கடல் பிளந்தது போதும், அங்கே மூழ்கிய குதிரைகளைப் பற்றி ஏன் யோசிக்கவேண்டும் என்பது என் கட்சி. நீர் குதிரைகளோடு நிற்பீர். ஒருநாள் எரிச்சலில் கேட்டேன், ஆறுதல் தேடித்தானே சனம் கோயிலுக்கு வருகிறது, கசப்பான இடங்களை மெல்லச் சொல்லிவிட்டுப் போனால் என்ன குறைந்துபோகும் என்று. அன்றைக்குக் கிளினிக் நாள். மரத்தில் தொங்கின தராசைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தீர். என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னீர்.

"இஞ்ச பாரும். தாய் பாவமெண்டு, அவ மனம் நோகக்கூடாதெண்டு, பிள்ளையின்ர நிறையை நான் கூட்டி எழுதினால் என்ன நடக்கும்? தாய் சிரிச்சுக்கொண்டு வீட்டை போவா. பிள்ளைக்குச் சத்துமா கிடைக்காது. அடுத்த மாசம் பிள்ளை இன்னும் காஞ்சு வரும். இருக்கிறதை இருக்கிறபடி எழுதினால்தான் ஆரும் ஏதும் செய்யலாம்."

தராசை உள்ளே கொண்டுபோய் வைக்க உதவினேன். ஆனாலும் மனம் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. உமக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம் என்று அன்றைக்கு நினைத்தேன். மன்னியும்.

அதன்பிறகு எட்டு வருடம். எட்டு வருடச் சனிக்கிழமை. ஆதியாகமத்தில் தொடங்கி, பரம்பரைப் பெயர்கள் எல்லாவற்றையும் விடாமல் வாசித்தோம். செத்துப்போன ராசாக்களின் பெயரெல்லாம் எனக்கு இப்போதும் பாடம். உமக்கு மட்டும் அந்தப் பெயர்களில் அலுப்பு வரவே இல்லை. ஒவ்வொன்றும் ஒரு வயிற்றில் இருந்து வந்த பிள்ளை, ஆரோ ஒருத்தி கையில் ஏந்திப் பிடித்தவ என்பீர். இந்தத் தீவில் என்னைப்போல் சிடுசிடுப்பான ஒருத்திக்கு ஒரு சிநேகிதி கிடைத்தது அப்படித்தான்.

உமக்கு வயிற்றில் நோய் வந்தது. மற்றப் பெண்களின் வயிற்றை ஆயிரம் தடவை தடவிப் பார்த்த கை, தன் வயிற்றில் கட்டி இருப்பதைக் கடைசியாகத்தான் கண்டுபிடித்தது. யாழ்ப்பாணத்துக்குப் போய் வந்து, போய் வந்து, ஒக்டோபர் கடைசியில் ஒருநாள் இனி மருந்து வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கரம்பொனில் இருந்து உம்முடைய தங்கச்சி வந்து நின்றா. நீர் என்னைக் கூப்பிட்டு வேலை சொன்னீர், அழ நேரம் தரவில்லை.

"நாளுக்கு ஒரு சங்கீதம் வாசிப்பம். ஒண்டில தொடங்கி வரிசையா. வரிசை விடக்கூடாது."

"நூற்றைம்பது இருக்கு."

"நூற்றைம்பதுக்குப் போகமாட்டம், ரீச்சர். எனக்குத் தெரியும். முடியிற இடத்தில முடியட்டும்."

நான் கணக்குப் படிப்பிக்கிறவள். அன்று வீட்டுக்கு வந்து கலண்டரை எடுத்து, எந்தத் திகதிக்கு எந்தச் சங்கீதம் வரும் என்று எண்ணிப் பார்த்தேன். இருபத்துமூன்று எந்த நாள், ஐம்பத்தொன்று எந்த நாள். நத்தார்ப் பண்டிகைக்குள் அறுபதைத் தாண்டலாம். எண்பத்தெட்டு ஜனவரி மூன்றாம் கிழமையில் வரும் என்று கண்டதும் கலண்டரைத் திருப்பி வைத்தேன். அந்தச் சங்கீதத்தை முன்பொருமுறை சனிக்கிழமையில் வாசித்திருக்கிறோம். மற்றச் சங்கீதக்காரர்கள் எவ்வளவு அழுதாலும் கடைசியில் எப்படியோ ஒரு புகழ்ச்சியில் கரையேறிவிடுவார்கள். இந்த ஒரு மனிதன் ஏறமாட்டான். இரவும் பகலும் கூப்பிடுகிறான். செத்தவர்கள் எழுந்து வந்தோ உம்மைப் புகழப்போகிறார்கள் என்று கடவுளிடமே கேட்கிறான். என் முகத்தைப் பார்க்காமல் ஏன் ஒளிக்கிறீர் என்கிறான். உற்றவர்களும் போய்விட்டார்கள், இருட்டுத்தான் மிச்சம் என்று சொல்லி, அதோடு நிறுத்திவிடுகிறான்.

நீர் அதற்கு முன்னாலேயே போய்விடவேண்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். அந்தச் சங்கீதத்தை வாசிக்கப் பயந்து உம்முடைய சாவை முந்தக் கேட்டேன். எழுதவே கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

எண்பத்தேழாம் நாள் மெல்லக் கேட்டுப் பார்த்தேன், நாளைக்கு நூறாவதை வாசிப்பமே என்று. நீர் எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடந்தீர். கண்ணில் மட்டும் பழைய குறும்பு.

"ஏன் காணும், எண்பத்தெட்டுக்கு என்ன குறை?"

அடுத்த நாள் பின்னேரம் வாசித்தேன். தங்கச்சி குசினியில் சமைத்துக்கொண்டு நின்றா. பன்னிரண்டாம் வசனம்வரை வந்தேன். அந்தக் கேள்விகள் முடிகிற இடம். அதற்கு அப்பால் இருந்த வசனங்களைப் பார்த்தேன். உம்மைப் பார்த்தேன். கண் மூடியிருந்தீர். நித்திரை என்று நினைத்தேனோ, நினைக்க விரும்பினேனோ தெரியாது. வேறொரு சங்கீதத்தின் நன்றி வசனங்கள் எனக்கு மனப்பாடம். பக்கத்தைப் பார்த்தபடியே, குரலில் ஒரு பிசகும் இல்லாமல், அவற்றைச் சொல்லி முடித்தேன். நல்ல குரலில்தான் சொன்னேன்.

கட்டில் இரும்பில் உம்முடைய விரல் நகம் தட்டியது. ஒரு தட்டு. பிறகு இன்னொன்று.

"நிறையைக் கூட்டி எழுதிப்போட்டீர், ரீச்சர்."

நான் புத்தகத்தை மூடினேன்.

"கடைசி ஆறு வசனத்தையும் வாசியும். இவ்வளவு நாளும் எனக்கு ஆறுதல் சொல்லத்தான் எல்லாரும் வருகினம். என்னோட சேர்ந்து கத்துறதுக்கு அந்த மனிசன் ஒருத்தன்தான் இருக்கிறான். அவனைக் கேக்க விடும்."

"நாளைக்கு வாசிக்கிறன். இப்ப படும்."

"நாளைக்கோ?"

நீர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்.

விடியும்போதே உமக்கு இரத்தம் போகத் தொடங்கிவிட்டது. கதிரையில் இருத்தித் துறைக்குத் தூக்கி வந்தார்கள். படகு எடுத்து வர அரை மணித்தியாலம் பிடித்தது. நான் உமக்குப் பக்கத்தில்தான் நின்றேன். புத்தகம் என் பையில் இருந்தது. சுற்றிவரச் சனம், மூப்பர் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். நீர் என் பையைப் பார்த்தீர். நான் கடலைப் பார்த்தேன். ஆறு வசனம். ஒரு நிமிடம்கூட எடுத்திராது. சனத்துக்கு முன்னால், சாகப்போகிற ஒரு மனுசிக்கு இருட்டைப் பற்றி வாசித்தால் என்ன நினைப்பார்கள் என்று வெட்கப்பட்டேன். உமக்கு என்ன வேண்டும் என்பதைவிட, ஊர் என்னை என்ன நினைக்கும் என்பது எனக்குப் பெரிதாக இருந்தது. படகில் ஒருவருக்குத்தான் இடம் என்றார்கள், தங்கச்சி ஏறினா. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில், யாழ்ப்பாணத்துக்கு ஏற்ற முன்னமே போய்விட்டீர். மத்தியானம் செய்தி வந்தது.

பத்து மாதம். அதற்குப் பிறகு எனக்குச் செபம் வரவில்லை. ஆண்டவரே என்று தொடங்கினால் அடுத்த சொல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி வாங்கில் இருந்துவிட்டு, வந்து சமைத்துச் சாப்பிடுகிறேன். தொண்டை சரியில்லை என்று வாசிப்பவர்களின் பட்டியலில் இருந்து பெயரை எடுக்கச் சொன்னேன். உம்மை நீர் என்று கூப்பிட்டு, செபத்தில் ஆண்டவரையும் அப்படியே கூப்பிட்டுப் பழகியதால், யாரோடு சண்டை பிடிக்கிறேன் என்பதே சிலவேளை எனக்குக் குழம்பிப்போகிறது. உம்மோடும் கோபம்தான். உமக்கு எல்லாம் வடிவாகத் தெரியும், அப்படியென்றால் நான் ஒரு கோழை என்பதும் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே ஏன் என்னிடம் கேட்டீர்? தங்கச்சியிடம் கேட்டிருக்கலாம். அவ வாசித்திருப்பா. ஆண்டவருடனும் கோபம். எட்டு வருடம் அவருடைய புத்தகத்தை ஒரு பெயர் விடாமல் வாசித்தோமே, அதற்கு ஒரு பதில் என்று எதையாவது தந்தாரா? நல்லாய்ப் படித்த பிள்ளைக்குப் பரீட்சையில் தெரியாத கேள்வி வந்தால் மன்னிக்கலாம். எனக்கு வந்தது நூறு தரம் செய்து பார்த்த கணக்கு.

நாலு மணியாகிவிட்டது. எழுந்து முகம் கழுவவேண்டும். போகாமல் விட்டுவிடலாம் என்றும் இருக்கிறது. இந்தத் தாளை இதோடு வைக்கிறேன்.

போய் வந்துவிட்டேன். மழை பிடித்துவிட்டது, விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வீடு நிறையச் சனம். அவனுடைய படத்துக்குப் பூ வைத்திருந்தார்கள், கலியாணத்தன்று எடுத்த படம். மூப்பர் தொப்பியைச் சுருட்டிக்கொண்டு சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தார். செபமாலை முடிந்ததும் என்னைப் பார்த்தார். எழுந்து நின்று, இன்ன சங்கீதம் என்றுகூடச் சொல்லாமல் வாசிக்கத் தொடங்கினேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பன்னிரண்டாம் வசனம் முடிந்தது. அங்கே நின்றுவிட்டேன். யாரோ செருமினார்கள். அந்த நன்றி வசனங்கள், நம்பினால் நம்பும், நாக்கு நுனிக்கு வந்து நின்றன. சொல்லியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. உம்மைப்போல் தட்ட அங்கே ஆள் இல்லை.

பதின்மூன்றாம் வசனத்தை வாசித்தேன். பிறகு பதினான்கு. புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கடைசி வசனத்தை முடித்து, ஆண்டவரின் அருள்வாக்கு என்றேன். இறைவா உமக்கு நன்றி என்று சனம் மறுமொழி சொல்லவேண்டும். ஒரு வாயும் திறக்கவில்லை. முன்னுக்கு இருந்த மனுசி ஒருத்தி பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லக் கேட்டா.

"பேந்து ஒண்டும் இல்லையோ?"

மூப்பர்தான் சொன்னார்.

"இல்லை. அவ்வளவுதான்."

ஆறுதல்பட்ட முகமாக இருக்கவில்லை. ஆனால் தொப்பியைச் சுருட்டுவதை நிறுத்தியிருந்தார். யாரோ பாட்டு எடுத்தார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள். நான் குடிக்காமல் வெளியே வந்தேன். எனக்குள்ளே எதுவும் இளகவில்லை. வாசித்தால் நெஞ்சு லேசாகும் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தேன் போல, ஆகவில்லை. சேமக்காலைக்குப் போய் உம்முடைய குழியடியில் நின்று வாசிப்போமோ என்றுகூட யோசித்தேன். கேட்கக் காது இருந்தபோது வாசிக்காதவள் மண்ணுக்கு வாசித்து என்ன கிழிக்கப்போகிறேன். என் மனச்சாட்சியைச் சமாளிக்க ஒரு கூத்து. விட்டுவிட்டேன்.

வாசல் படலையடிக்கு மூப்பர் பின்னால் வந்தார்.

"ரீச்சர், மருமேள் குசினிக்க நிண்டவள். சரியாக் கேக்கேல்லையாம். முப்பத்தொரு நாளா ஒரு சொல் கதைக்காதவள், இப்ப வந்து அது என்ன வாசிச்சதெண்டு என்னைக் கேக்கிறாள். மழை வரப்போகுது, நீங்கள் போங்கோ. நாளைக்கு வந்து அவளுக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டுவியளோ?"

"நாளைக்கு வேண்டாம், மூப்பர். இப்ப வாசிக்கிறன்."

கடலில் போனவனின் மனைவி குசினிக்குள் அடுப்புப் பக்கத்தில் ஒரு பலகையில் இருந்தாள். நானும் நிலத்தில் இருந்தேன். முதல் வசனத்தில் இருந்து கடைசி வசனம்வரை, ஒன்றும் விடாமல், மெல்லமாக வாசித்தேன். முடிந்ததும் அவள் என்னைப் பார்க்கவில்லை. திரும்ப வாசியுங்கோ என்றாள். வாசித்தேன். கூரையில் மழை விழத் தொடங்கி என் குரலை மூடியது. பக்கத்தில் நகர்ந்து வந்து காதைக் கிட்டே கொண்டுவந்தாள். மூன்றாம் முறையும் வாசித்தேன்.

அவளுக்கு மூன்று தரம் வாசித்தேன், உமக்கு ஒரு தரமும் இல்லை. அவளுக்கு வாசித்தது உமக்கு வாசித்ததாக ஆகாது. யாரும் வந்து ஆகும் என்று சொன்னால் அவர்களை வாசலோடு அனுப்பிவிடுவேன். உம்முடைய ஆறு வசனமும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. கேட்டவர் போய்விட்டீர்.